மைக் பழுதாகவில்லை

அன்று மைக் பழுதாகவில்லை சார். இரங்கல் கூட்டத்தில் அரங்க மேலாளர் அப்படிப் பேசிவிட்டார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நான் புது பேட்டரி போடுகிறவன். என் கையில் மைக் ஒருநாளும் நின்றதில்லை.

செத்தவர் மேடையில் தனியாளாக நின்று ஜோக் சொல்லிப் பிழைத்தவர். கோணவாய் என்றுதான் ஊர் அவரைக் கூப்பிட்டது. எனக்கு அவர் அண்ணன். எனக்கு அவர் வைத்த பெயர் ஊமை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசத் துணையில்லாத வேலை. அவருடைய பேச்சைத்தான் காதில் மாட்டிக்கொண்டு கிடப்பேன். தலைவர்கள், டாக்டர்கள், செத்தவர்கள், யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. தன் அப்பா சாகக் கிடந்ததைக்கூட இப்படிச் சொல்வார்: "அவருக்குக் காது மட்டும் கேக்கும், பேசுங்கன்னாரு டாக்டர். வாழ்க்கையில மொதத் தடவையா மனுஷன் குறுக்க பேசாம கேக்கப் போறாரு. விடுவேனா? விடிய விடிய திட்டினேன்."

எதற்கும் பயப்படவேண்டாம் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கிடங்கு வேலையை உதறிவிட்டு அவரிடம் ஒலி பார்க்கப் போனேன்.

பிறகு என் அப்பாவும் அப்படியே கிடந்தார். அம்மா போனை அவர் காதில் வைத்து, "பேசுடா, உன் குரலுக்காகத்தான் உசுர வச்சிக்கிட்டு இருக்காரு" என்றாள். "இப்பவாச்சும் குறுக்க பேசாம இருக்காரே, அதுவே போதும்" என்றேன் நான். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. வீடு நிறைய ஆட்கள். சாவுக்கு நான் போகவில்லை. அம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. அண்ணனிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவருடைய மகளுக்குத் திக்குவாய். அவர் சோறு தின்றதே அந்தப் பெண்ணின் வாயை வைத்துத்தான். "எம் பொண்ணு கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லி முடிக்கறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு வேற எடத்துல ரெண்டு புள்ள பொறந்துடுச்சு" என்பார். கூரை பிய்த்துக்கொண்டு போகும். அவள் அப்பாவை விட்டுப் போய்ப் பல வருஷம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மேடை ஏறுமுன் அண்ணன் சட்டைப்பையைக் காலிசெய்து என்னிடம் கொடுத்துவிடுவார். காலர் மைக்குக்குச் சாவிச் சத்தம் ஆகாது, மாத்திரை அட்டையின் சரசரப்பும் ஆகாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை அது. வலி வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்துப் பித்தானைக் கழற்றுவார். நான் தண்ணீர் டம்ளரோடு போவேன், மாத்திரை உள்ளங்கையில் இருக்கும். "இவன் என் ரெண்டாவது சம்சாரம், சந்தேகப் பேர்வழி, மேடைக்கே வந்துடுவான்" என்பார். சனம் சிரிக்கும். அதற்குள் மாத்திரை வாய்க்குள் போயிருக்கும். அவருக்கு நெஞ்சுவலி உண்டென்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று ஒப்பனை அறையில் மைக் மாட்டும்போது சொன்னார்: "அவ வந்திருக்காடா. மொத வரிசை."

"யாருண்ணே?"

"எம் பொண்ணு. நாந்தான் கூப்பிட்டேன். கடைசியில அவகிட்ட மன்னிப்பு கேக்கப் போறேன்."

"மேடையிலயா? சிரிச்சிடப் போறாங்கண்ணே."

"மேடையில வச்சுத்தானடா அசிங்கப்படுத்தினேன்? நான் பண்ணது தப்புடா ஊமை. சிரிச்சவனுங்க பண்ணதும் தப்புதான். நீயும் உங்கம்மாவுக்கு ஒரு போனப் போடு."

கன்னத்தில் தட்டிவிட்டு எழுந்து போனார்.

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். வாழ்நாள் முழுக்க யாருக்கும் தலைகுனியாத மனுஷன் கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றால் ஊர் எதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்? அவரை நம்பி வந்தவன் என்ன ஆவான்?

நிகழ்ச்சி நன்றாகப் போனது. முடிவில், "கடைசியா ஒண்ணு" என்றார். முகம் வேர்த்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்துப் பித்தானைக் கழற்றினார். முதல் வரிசையைப் பார்த்து, "கண்ணு" என்றார்.

நான் அரங்கத்துக்குப் போகும் ஒலியை இறக்கிவிட்டேன். என் ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னார் சார். ஒன்றுவிடாமல். மூச்சு இழுத்து இழுத்து, அவளைப் போலவே திக்கித் திக்கிச் சொன்னார். சனத்துக்கு வாயசைவு மட்டும்தான் தெரிந்தது. ஊமை நாடகம் போடுகிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் நெஞ்சைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். மாத்திரை என் பையில் இருந்தது. டம்ளரில் தண்ணீரும் இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "டேய் ஊமை, வாடா" என்றார். பிறகு ஸ்டூலிலிருந்து சரிந்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டலை அவர் உயிரோடு இருந்தவரை வாங்கியதில்லை. அதை வாங்கிக் கொடுத்தது நான்.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் அவருடைய மகள் என்னைத் தேடி வந்தாள்.

"நீ... நீங்க ஹெ... ஹெட்போன் போட்டிருந்தீங்களே. அ... அப்பா கடைசியா எ... என்னப் பாத்து என்ன சொன்னாரு?"

அவள் வார்த்தைகளை முடிக்கும்வரை பொறுமையாக நின்றேன்.

"உங்களப் பத்தி ஒரு புது ஜோக்கும்மா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

ஆக, கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் அம்மாவுக்குத் தகவல் சொல்லவா என்று கேட்டீர்கள். வேண்டாம். கூப்பிட்டால் அவள் ஒரு வார்த்தை எதிர்பார்ப்பாள். அண்ணனே கடைசிவரை யாரிடமும் கேட்காத மன்னிப்பை நான் எதற்கு சார் கேட்க வேண்டும்?