விலகியவர்கள் முப்பத்தேழு பேர்

— உங்க பேரு அந்த ஆராய்ச்சிக் கட்டுரையோட கடைசி வரியில இருக்கு நதியா. 'தகவல் சேகரிப்பில் உதவிய செவிலியர் நதியாவுக்கு நன்றி'ன்னு. அதை வச்சுத்தான் விசாரிச்சு அவிநாசிபாளையம் வரைக்கும் வந்தேன்.

— நன்றியெல்லாம் போட்டாங்களுங்களா? பரவால்லீங்களே. உக்காருங்க அனுசுயா மேடம். அந்தப் பனியன் கட்டை அக்கட்ட தள்ளிப்போட்டு உக்காருங்க. நான் பிசிறு வெட்டிக்கிட்டேதான் பேசுவனுங்க. சாயங்காலம் கம்பெனி வண்டி வந்துரும்.

— நர்சா இருந்தவங்க, வீட்ல உக்காந்து நூல் பிசிறு வெட்டுறீங்களா?

— இதுல யாரும் சாகறதில்லீங்க. நீங்க ஊசி போடற டாக்டருங்களா?

— இல்ல, நான் நோயாளிங்க கிட்டயே போறதில்ல. ஒரு மருந்தைப் பத்தி உலகத்துல எங்கெங்க என்ன ஆராய்ச்சி நடந்துருக்குன்னு அம்புட்டையும் தேடி எடுப்போம். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாதுன்னு பிரிப்போம். கடைசில எல்லாத்தையும் சேத்து ஒரு முடிவு சொல்லுவோம். முறைசார் மீளாய்வுன்னு பேரு. சென்னையில பதினாலு வருசமா இதுதான் என் பொழப்பு.

— அப்ப சீக்காளிகளைப் பாத்ததே இல்லீங்க?

— காகிதத்துல பாத்துருக்கேன்.

— அது நல்லதுங்க. வாடை வராது.

— கோவமா இருக்கீங்க. பரவால்ல. நீங்க வேலை பாத்த கம்பெனில மாதவிடாய் வலி மாத்திரைக்கு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சே, நானூத்திப் பன்னெண்டு பொண்ணுங்க, ஆறு மாசம். அதை என் மீளாய்வுல சேத்தேன். மொத்தம் அஞ்சு ஆராய்ச்சி, அதுல உங்களதுதான் பெருசு. நம்பகமானதுன்னு நாந்தான் மார்க் போட்டேன். மாத்திரை பாதுகாப்பானதுன்னு முடிவு வந்ததே அதாலதான். இப்ப இங்கத்தி துணியை வாங்குற வெளிநாட்டு பையருங்க, அவங்களுக்குத் தைக்கிற எல்லாக் கம்பெனிலயும் அந்த மாத்திரையைக் குடுக்கலாம்னு இருக்காங்க. மீளாய்வைப் புதுப்பிச்சுத் தரச் சொல்லிருக்காங்க.

— புதுப்பிச்சுத் தர வேண்டியதுதானுங்களே. என்ற ஊட்டுக்கு எதுக்குங்க வந்தீங்க?

— ஒண்ணு உறுத்துச்சு. முப்பத்தேழு பேர் பாதியில விலகிட்டாங்கன்னு கட்டுரையில இருக்கு. 'சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டனர்'னு ஒரே வரி. போன தடவை அதைப் படிச்சுட்டு டிக் போட்டுட்டேன்.

— டிக்குங்களா?

— எங்களுக்கு ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. விலகியவர்களுக்குக் காரணம் சொல்லியிருக்காங்களான்னு ஒரு கேள்வி. சொல்லியிருந்துச்சு. டிக்.

— அந்தக் காரணம் நெசமான்னு கேக்கறக்குக் கேள்வி இல்லீங்களா?

— இல்ல.

— நல்ல பட்டியலுங்க. முப்பத்தேழு பேரும் மாத்திரை தின்னவளுக. இன்னொரு பாதிக்குச் சும்மா சுண்ணாம்புச் சத்து மாத்திரைதான் குடுத்தோம். அதுல கல்யாணம் காதுகுத்துன்னு போனவளுகளுக்குப் பதிலா வேற புள்ளைகளைப் போட்டு நிரப்பிட்டாங்க.

— நிச்சயமாத் தெரியுமா?

— என்ற கையாலதானுங்களே குடுத்தேன். டாக்டர் சுரேந்தர் வாரத்துக்கு ஒருநாள் கம்பெனிக்கு வருவாரு. அட்டையைப் பிரிச்சு, மாத்திரையை மட்டும் டப்பாவுல கொட்டி வெக்கோணும்னு சொல்லிருந்தாரு. பேரு தெரிஞ்சா புள்ளைக போன்ல தேடிப் பாப்பாளுகன்னு. காத்தால ஹாஸ்டல்ல இருந்து வெறும் வயித்தோட வருவாளுக. வலிக்குதுன்னா ஒரு மாத்திரை. மத்தியானமும் வலிக்குதுன்னா இன்னொண்ணு. மூணாவது மாசம் ஒருத்தி பாத்ரூம்ல வாந்தி எடுத்தா. காப்பித்தூளைக் கரைச்சு ஊத்துனாட்டக் கருப்பா இருந்துச்சு. நான் நர்சுங்க. அது ரத்தம்னு தெரியும்.

— என்ன செஞ்சீங்க?

— டாக்டருக்குப் போன் போட்டேன். 'பேரை அடிச்சுட்டு ஊருக்கு அனுப்பிரு'ன்னாரு. அப்பறம் அதுவே வழக்கமாயிருச்சு. வாந்தியா, ஊருக்கு அனுப்பு. மூஞ்சி வீங்குதா, ஊருக்கு அனுப்பு. பாத்ரூமைக் கழுவி விட்டது நானு. தையல் லைன்ல இருக்கற மத்த புள்ளைக பாக்கக்கூடாதுங்களே.

— வலியை அளக்கிறதுக்கு ஒரு ஃபாரம் குடுத்துருந்தாங்களே, சிரிக்கிற முகத்துல ஆரம்பிச்சு அழுவுற முகம் வரைக்கும் ஆறு படம் போட்டது? ஒரு தாள்கூட விட்டுப்போகாம நிரப்பியிருக்காங்கன்னு மீளாய்வுல பாராட்டி எழுதினேன்.

— பாராட்டுனீங்களா! அதைப் பூராவும் நானும் ஹெச்.ஆர். கீர்த்தனாவும் ஸ்டோர் ரூம்ல உக்காந்து எழுதுனோமுங்க. பல பேரு எழுதுனாட்ட இருக்கோணும்னு நீலப் பேனாவும் கருப்புப் பேனாவுமா மாத்தி மாத்தி. போண்டா தின்னுக்கிட்டே சிரிக்கிற மூஞ்சிக்கு வட்டம் போட்டோம். ஒரு தாள்ல எண்ணெய் பட்டுருச்சு. அதைக் கிழிச்சுட்டு வேற எழுதுனோம். சுத்தமா இருக்கோணுமுங்களே.

— அதுக்கும் ஒரு டிக் போட்டேன் நதியா.

— தண்ணி குடிங்க. சொம்பு உங்க பக்கத்துலதான் இருக்குது.

— அந்த மீளாய்வு வந்த வருசந்தான் எனக்குப் பதவி உயர்வு குடுத்தாங்க. மேடையில கூப்புட்டு சால்வை போத்துனாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே போட்டோவுக்கு நின்னேன்.

— சால்வை இருக்குதுங்களா?

— பீரோவுல இருக்கு.

— நல்லதுங்க.

— எங்கம்மா உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்தது. இங்க திருப்பூர் ராயபுரத்துல ஒரு கம்பெனில கைமடி வேலை. பொழுதன்னைக்கும் நின்னுக்கிட்டே துணி மடிக்கணும். அந்த மூணு நாள்ல அடிவயித்தைத் துண்டால இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போகும். திருப்பூர்ல இருந்து இப்படி ஒரு ஆராய்ச்சி வந்துருக்குன்னதும் எங்கம்மா மாதிரிப் பொண்ணுங்களுக்கு ஒரு வழி கிடைச்சுருச்சுன்னு சந்தோசப்பட்டேன். அந்த சந்தோசத்துல கண்ணு மறைச்சுருச்சு போல.

— 'போல'ன்னு எதுக்குங்க?

— சரி. நானே கண்ணை மூடிக்கிட்டேன். போதுமா?

— எனக்குப் போதுமுங்க. மத்தவங்களுக்குத் தெரியாது.

— அந்த முப்பத்தேழு பேரு யாரு யாருன்னு எங்கயாச்சும் இருக்கா?

— என்ற கிட்ட இருக்குதுங்க. அடிக்கச் சொன்ன ஒவ்வொரு பேரையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சேன். என்ன தேதி, ஒடம்புக்கு என்ன ஆச்சு, எந்த ஊரு.

— அதைக் குடுங்க நதியா. மீளாய்வைத் திரும்பப் பெறணும்னு நாளைக்கே எழுதுறேன். பையருங்களுக்கும் நேராச் சொல்லிர்றேன். எங்க வேலையில ஒண்ணைத் திரும்பப் பெற்றா, நான் எழுதுன மத்த நாப்பதையும் சந்தேகமாத்தான் பாப்பாங்க. பாக்கட்டும்.

— மொதலாளி அர்த்தநாரி எங்கூட்டுக்காரருக்குப் பெரியப்பன் மகனுங்க. இவரு அங்கதான் கட்டிங் மாஸ்டரு. நோட்டு வெளிய போனா அன்னிக்கே இவருக்கு வேலை போயிரும். சொந்தத்துல ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்புட மாட்டாங்க. புள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கோணும்.

— உங்க பேரு வராமப் பாத்துக்கிறேன்.

— அப்படி மட்டும் பண்ணாதீங்க. பேரு வராமப் பாத்துப் பாத்துத்தான் இத்தனையும் நடந்துச்சு. என்ற பேரைப் போடுங்க. நன்றின்னு போடாதீங்க, மாத்திரை குடுத்தவளுன்னு போடுங்க. எங்கூட்டுக்காரருகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணு கேப்பேன்.

— கேளுங்க.

— நோட்டுல கடைசிப் பேரு ஜோதிகா. நீங்க எங்கயும் எழுதறக்கு முந்தி அவங்கம்மாவைப் போயிப் பாக்கோணும். ஒச்சம்மாள்னு பேரு. உங்க உசிலம்பட்டிப் பக்கந்தான்.

— அவளும் அந்த முப்பத்தேழுல ஒருத்தியா?

— இல்லீங்க, முப்பத்தெட்டாவது. ஆராய்ச்சி முடிஞ்சதும் மாத்திரையை நிறுத்திட்டாங்க. நானும் ஒழிஞ்சுதுன்னு இருந்தேன். அப்பறந்தான் உங்க மீளாய்வு வந்துச்சு. 'உலக அளவில் நிரூபிக்கப்பட்டது'ன்னு கேண்டீன் சுவத்துல நோட்டீசு ஒட்டி, டப்பாவைத் திரும்பக் கொண்டாந்து வெச்சுட்டாங்க. அதுக்கப்பறம் வேலைக்கு வந்த புள்ள அவ.

— என்ன வயசு?

— பத்தொம்போது. காலர் தெக்கற லைன்ல இருந்தா. வாந்தி எடுத்தன்னிக்கு டாக்டர் வழக்கமாட்ட ஊருக்கு அனுப்பச் சொன்னாரு. ஒச்சம்மா வந்து கூட்டிட்டுப் போச்சு. நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன். மடியில ஒரு பிளாஸ்டிக் பை வெச்சுக் குடுத்தேன், வாந்தி வந்தா எடுக்கட்டும்னு. பாருங்க, நர்சு செய்யற வேலையை. தாராபுரம் தாண்டுனதும் மறுபடி ரத்தம். ஒட்டன்சத்திரத்துல எறக்கி ஆஸ்பத்திரி போறக்குள்ள முடிஞ்சுது. ஒச்சம்மா போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு, 'என்ன மாத்திரை தாயி அது?'ன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— அட்டையைப் பிரிச்சவளுக்குப் பேரு தெரியாதுங்களா? தெரியும். சொல்லலீங்க. போனை வெச்சுட்டேன். மறுநாள் வேலையை விட்டேன்.

— அதுக்கப்பறம் இத்தனை நாளா இங்க உக்காந்து பிசிறு வெட்டிக்கிட்டு இருக்கீங்க. நான் பண்ணது தப்புதான், இல்லேங்கல. ஆனா எனக்குக் காகிதந்தான் தெரியும். உங்களுக்கு எல்லாம் தெரியும். கையில நோட்டு இருக்கு, முப்பத்தேழு பேரு இருக்கு. நோட்டீசு ஒட்டுன அன்னைக்கே வெளியில ஒருத்தருக்கு, யாராச்சும் ஒருத்தருக்கு, ஒரு வரி எழுதிப் போட்டுருந்தா அந்தப் புள்ள இன்னைக்கு இருந்துருக்கும்ல? ஏன் நதியா எழுதல?

— எழுதுனனுங்க.

— யாருக்கு?

— உங்களுக்குத்தானுங்க. நோட்டீசுல கீழ உங்க மெயில் போட்டிருந்துச்சு. முப்பத்தேழு பேரையும் ஒவ்வொண்ணா டைப் பண்ணி அனுப்புனேன். ரண்டே நாள்ல மரியாதையாப் பதில் போட்டீங்க, கட்டுரையா வெளியாகாத தகவலைச் சேத்துக்கறதில்லைன்னு. அப்ப ஜோதிகா வேலைக்கே சேரலீங்க.