கருவாடு காயாத கண்ணாடி வூடு

கிட்ட வந்து குந்து சார். அங்க குந்திக்கினா ட்ரெய்லர் லாரி போற சத்தத்துல நான் சொல்றது பாதி உன் காதாண்ட வராது, வராத பாதிய நீயா எழுதிக்குவ. இரு, நாற்காலிய தொடைக்கிறேன். இப்பத்தான் தொடைச்சேன், அதுக்குள்ள பாரு, கரண்ட்டு எடுக்கற ஆலையோட சாம்பல். காத்திவாக்கத்துல குந்தறதுக்கு முன்னால நாற்காலிய தட்டணும், எழுந்தப்பறம் பேண்ட்ட தட்டணும்.

பூட்டி சீல் வைக்க வந்துகீற, தாராளமா வை. நான் குறுக்க நிக்க மாட்டேன். இந்த கருவாட்டு மையத்துக்கு வாட்ச்மேன் நான், பக்தவச்சலம். இத்தினி வருசமா இத்த காத்துனு கீறேனே, உள்ள எத்தினி கருவாடு இருந்துச்சின்னு கேளு. ஒண்ணு கெடையாது. ஒண்ணுமில்லாதத காக்குறது லேசுன்னு நெனைக்காத. களவு போனாக்கூட தெரியாது, எந்நேரமும் பயந்துகினே இருக்கணும். பூனை கூட இந்தப் பக்கம் வராது சார். கருவாட்டு மையத்த பூனையே சீண்டலன்னா, அது எப்பேர்ப்பட்ட மையம்னு நீயே ரோசிச்சிக்கோ.

நீ கேக்கறது நாயம் தான். தோத்துப்போனத அன்னிக்கே ஏன் மூடல? அதுக்கு தேசம்மா கதைய கேக்கணும். வந்ததும் உனுக்கு மோர் குடுத்துச்சே, சேப்புக்கல்லு மூக்குத்தி, அதான் தேசம்மா. எங்க குப்பத்துல மூளைய பங்கு வச்சப்போ மொத்தத்தையும் அதுவே வாரினு போயிடுச்சி. எங்களுக்கு வாய் ஒண்டி தான் மிச்சம்.

அது ரோட்டோர மணல்ல நெத்திலி காய வைக்கிற பொம்பள. இந்தாண்ட காக்கா, அந்தாண்ட நாய், நடுவுல கம்பு வச்சினு அது. அத்த பாத்து யாரோ ஒரு நல்ல மனுசன் மேல எடத்துல பாவப்பட்டு, கண்ணாடிக் கூரை போட்டு வூடு கட்டிக் குடுப்போம், வெயில் உள்ள வரும், காக்கா வராதுன்னு கட்டிக் குடுத்தாரு. நெனப்புல தப்பே இல்ல. காக்கா வரல தான். வெயிலும் வரல. கூரை மேல காலைல சாம்பல், மத்தியானம் கரித்தூசு. நான் ஏணி போட்டு ஏறி கழுவிட்டு எறங்கறதுக்குள்ள பழையபடி ஆயிடும். உள்ள பட்டப்பகல்லயே வெளக்கு போடணும். தேசம்மா மொத தபா வச்ச நெத்திலி புழு வச்சிடுச்சி. அள்ளினு போய் கொட்டிட்டு, மறுநாளே கம்ப எடுத்துக்கினு மணலுக்கு போயிடுச்சி.

அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஆனா மொத ஆபீசர் பாக்க வந்தாரே. மாப்ள வூட்டுக்காரங்க வந்து குந்தினு கீற சொல்ல, பொண்ணுக்கு சுடுதண்ணி வைக்கக்கூட தெரியாதுன்னு யார்னா சொல்வாங்களா? தேசம்மா ஓடிச்சி. மணல்ல காஞ்ச கருவாட்ட முறத்தோட தூக்கியாந்து உள்ள தட்டுல பரப்பிடுச்சி. அவரு ஒண்ண எடுத்து கடிச்சி பாத்து சூப்பர்னாரு. சூப்பரா தான் இருக்கும், ரெண்டு நாளா வெயில்ல கெடந்தது. அவ்ளோ தான், மாட்டிக்கினோம்.

அப்பால யார் வந்தாலும் கருவாட்டு ஊர்வலம். ஒரு தபா ஒரு ஆபீசரம்மா வழியிலயே புடிச்சிக்கிச்சி. ஏன் இது வெளிய கீதுன்னு கேட்டுச்சி. தேசம்மா அசரல. உள்ள ரொம்ப காஞ்சிடுச்சிம்மா, ரவ ஆறட்டும்னு வெளிய இட்டாந்தேன்னு போட்டுச்சி ஒரு போடு. அந்த வருசம் எங்களுக்கு நல்ல மையம்னு ஷீல்டு. ஷீல்டு வாங்க மேடைல நின்னவன் நான். எல்லாரும் கை தட்டினப்போ நெஜமாவே கருவாடு காய வச்ச மாரி நெஞ்ச நிமித்திக்கினேன்.

சிரி சார், சிரிக்கத்தான சொல்றேன்.

ஷீல்டு வந்தப்பறம் ஒவ்வொருத்தனா ஒட்டிக்கினோம். கூரை கழுவ தண்ணி கொண்டாற லாரிக்காரு. கருவாடு எப்டி காய வைக்கறதுன்னு எங்களுக்கு கத்துக்குடுக்க மாசா மாசம் ஒரு மாஸ்டரு. பாவம், அவருக்கு நெத்திலி வாசனையே ஆவாது, கர்ச்சீப்ப மூக்குல வச்சினு பாடம் நடத்துவாரு. கருவாட்டுலயே பொறந்து வளந்த பொம்பளைங்க வரிசையா குந்தினு தலைய தலைய ஆட்டும். ஏன்னா பிஸ்கட்டு. எதிர்ல டீக்கடை வச்சிகீறாரே வெள்ளத்துரை அண்ணாச்சி, அவரு ஆபீசருங்களுக்குன்னே கப்பு சாசர் எறக்கினாரு. நான்? என் சம்பந்தி வூட்டுல நான் கவர்மெண்ட்டு ஆளு சார். இந்த காக்கி சட்டைக்கு அங்க ரெண்டு மீன் துண்டு கூட வுழும்.

யாருமே கெட்டவன் இல்ல. அதான் பேஜாரு. ஒருத்தன் திருடனா இருந்தா புடிச்சி குடுத்துட்டு, மூடிட்டு போயிருக்கலாம். எல்லாம் நல்லவனா போயிட்டா, யாராண்ட சார் போய் சண்டை போடறது?

உனுக்கு முன்னால ஒருத்தர் மூட வந்தாரு. குப்பமே ரோட்டுல குந்திடுச்சி. உள்ள ஒரு மீன் வாலக்கூட காய வைக்காத ஜனம், மூடாதே மூடாதேன்னு ஒரே கூச்சல். நானும் கத்தினேன். கத்தினு கீற சொல்லவே எனக்கு டவுட்டு வந்துடுச்சி, ஆமா, இந்த மையம் எதுக்கு கீதுன்னு. பக்கத்துல இருந்தவன கேட்டேன். அவன், தெரியாது மாமு, நீ கத்துன்னான்.

அப்போலாம் சும்மா வீராப்பு. இப்போ அப்டி இல்ல சார். இப்போ உள்ள புள்ளைங்க கீது.

ஆமா, புள்ளைங்க தான். எங்க பொம்பளைங்க விடியறதுக்கு முன்ன காசிமேட்டுக்கு போய் ஏலத்துல மீன் எடுத்து, கூடைய தூக்கினு தண்டையார்பேட்டை தெருத்தெருவா வித்துட்டு வர சாய்ங்காலம் ஆயிடும். கைக்கொழந்தைய எங்க போடறது? போன வெயில்ல தேசம்மாவோட பேத்தி, வூட்டு வாசல்ல வெளையாடினு இருந்தது, எழுந்து லாரி ரோட்டுக்கு நடந்துடுச்சி. டிரைவர் பிரேக்க மிதிச்ச சத்தம் இன்னும் எனக்கு கேக்குது. ஒண்ணும் ஆவல, ஆனா ஒரு முழம் தான் சார் பாக்கி. தேசம்மா அந்த கொழந்தைய தூக்கினு நேரா இங்க வந்துச்சி. வாட்ச்மேனு, தெறன்னுச்சி. தெறந்தேன்.

உள்ள பாத்தா, இத்தினி நாளா எங்களுக்கு தோணல. கண்ணாடிய சாம்பல் மூடிகினதால குளுகுளுன்னு நெழலு. கருவாட்டுக்குன்னு குடுத்த சக்கரம் வச்ச பெரிய ஃபேன், அது ஒண்ணு தான் இந்த திட்டத்துல ஒழுங்கா ஓடறது. ரயிலு பெர்த்து மாரி தட்டு, கீழ்த்தட்டுல துணி விரிச்சா தூளி தோத்துச்சி. மீன் நாத்தமே இல்லாத எடம் குப்பத்துலயே இது ஒண்ணு தான். மறுநாளு அக்கம்பக்கத்து புள்ளைங்களும் வந்துடுச்சி. நான் தாலாட்டு பாடறேன். என் கொரலுக்கு பயந்தே தூங்கிடுதுங்க.

அப்டின்னா இத்தயே புள்ளைங்க மையமா எழுதி குடுங்கன்ற. நீ நல்லவன் சார். தேசம்மா கேட்டுச்சி. இது மீனு டிப்பாட்மெண்ட்டு கட்டடம், மீனு தோத்துச்சின்னா தான் புள்ளைங்களுக்கு குடுக்க முடியும்னாங்க. செரி, தோத்துச்சின்னு எழுதுங்கன்னுச்சி. அது எப்டிம்மா, ஷீல்டு குடுத்துகீறோமேன்னாங்க. இப்போ நீ வந்து நெஜத்த எழுதிகீற. மொத மனுசன் நீ தான், கும்புடறேன். ஆனா நெஜத்த எழுதி இன்னிக்கு பூட்டிட்டு போனா, நாளைக்கு கொழந்தைங்க ரோட்டோரம். இன்னொரு எடம் எழுதி குடுக்க எத்தினி நாளு?

மணி இன்னா? ஒண்ணு தாண்டிடுச்சா? அப்போ செரி, எழுந்துக்கோ சார். ஒண்ணுமில்ல, நீ வண்டிய வுட்டு எறங்கினப்பவே தேசம்மா என் காதாண்ட சொல்லிச்சி, வாட்ச்மேனு, உனுக்கு பேச்சு ஒண்டி தான் வரும், அத்தயாவது ஒழுங்கா செய், புள்ளைங்க தூங்கற வரைக்கும் அவர இங்கயே குந்த வையின்னு. வச்சிட்டேன். சர்வீஸ்ல மொத தபா ஒரு வேலைய முடிச்சிகீறேன். எல்லாம் தூங்கிடுச்சிங்க. போய் பூட்டிக்கோ, ரவ சத்தம் போடாம பூட்டு.

இன்னா, உன் வண்டி டிரைவர தேடறியா? பூட்டு, அரக்கு எல்லாம் அவர் பையில கீதா? பத்திரமா கீது, கவலப்படாத. பசியா நின்னுகினு இருந்தாருன்னு தேசம்மா இட்டுனு போய் சங்கரா மீன் கொழம்பு ஊத்தி சோறு போட்டுச்சி. ரவ காலை நீட்டிக்கிறேன்னு உள்ள போனவரு, புள்ளைங்களுக்கு நடுவுல பாயில மல்லாந்துட்டாரு. கொறட்டை கேக்குதா? தேசம்மா அந்த பூட்டு பைய மடிச்சி அவர் தலைக்கு தலகாணியா வச்சிட்டு, ஃபேன அவர் பக்கம் திருப்பி வுட்டுட்டு வந்திடுச்சி.