வானத்தில் வேறு பிளம்பர் இல்லை

அவையை அளவோடு நடத்தும் அன்புத் தலைவர் அவர்களே, அறுப்பதற்கு முன் மூன்று முறை அளந்து பார் என்று அடித்துச் சொல்லும் மூத்த மேஸ்திரிமார்களே, குழாயில் தண்ணீர் நின்ற நாளில் மட்டும் எங்களை நினைக்கும்... இல்லை இல்லை, எந்நாளும் நினைக்கும் தாய்மார்களே, குறடு பிடித்துக் கை காய்த்த குழாய்த் தொழிலாளத் தோழர்களே, கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்திருக்கும் என் தங்கையின் கணவரே, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

சென்ற ஆண்டு நம் சங்கக் கூட்டத்தில் இதே மேடையில், இதே ஒலிபெருக்கியின் முன் நின்று ஒரு வார்த்தை சொன்னேன். பத்து மாடிக் கட்டடத்தில் குழாய் சேராமல் போய், பூசிய சுவரை உடைக்க நேர்ந்ததற்குக் காரணம் என் தங்கை மாப்பிள்ளைதான், அவர் அளவு பார்க்கவில்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையால் அவருடைய மேஸ்திரிப் பொறுப்பு போயிற்று. அன்று முதல் என் தங்கை என் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. இன்று, புதிய மருத்துவமனை வேலைக்கு மேஸ்திரியாக என் பெயரைத் தலைவர் முன்மொழியப் போகிறார். அதற்கு முன் எனக்குப் பத்து நிமிடம் வேண்டுமென்று கேட்டேன். எதைப் பற்றிப் பேச? விண்வெளியைப் பற்றிப் பேச.

யாரது அங்கே? "அண்ணனுக்குக் கால்லதானே அடி, தலையிலயுமா?" என்கிறீர்களா? சிரியுங்கள் தம்பி, நானும் சிரித்தவன்தான்.

கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தேன். மகள் தன் கணினியில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ராக்கெட் கட்ட வேண்டும், ஏவ வேண்டும், பூமியைச் சுற்றும் பாதையில் துண்டு துண்டாக ஒரு விண்வெளி நிலையத்தை இணைக்க வேண்டும். "தோத்தா திரும்ப ஆரம்பிக்கலாம்ப்பா. ஆனா நம்ம வீட்ல அது கிடையாது, போனது போனதுதான்" என்று சட்டமும் போட்டாள். முதல் துண்டை ஏற்றினேன். இரண்டாம் துண்டில் மூன்று பேரை உட்காரவைத்து அதையும் ஏற்றினேன்.

முன்னே போகிறது முதல் துண்டு, பின்னே துரத்துகிறேன் நான். துரத்துகிறவன் என்ன செய்வான்? வேகத்தைக் கூட்டுவான். கூட்டினேன், பின்தங்கினேன். மேலும் கூட்டினேன், மேலும் பின்தங்கினேன். "பிரேக் போடுங்கப்பா" என்றாள் மகள். "போடி, பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவன் நடுவழியில நிப்பானா?" என்றேன். ஆனாலும் போட்டுப் பார்த்தேன். பாதை கீழே இறங்கியது, சுற்று சிறியதாயிற்று, மைதானத்தின் உள்வட்டத்தில் ஓடுகிறவனைப் போல எட்டிப் பிடித்துவிட்டேன்! குறைத்தால் ஏன் முந்துகிறது? கூட்டினால் ஏன் பிந்துகிறது? அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பது வயதில் ஒரு 'ஏன்' வந்து பிடித்துக்கொண்டால் பேய் பிடித்ததைவிட மோசம், தாய்மார்களே. என் வீட்டு அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

நெருங்கினேன். அங்குலம் அங்குலமாக, ஆமை நடையாக நெருங்கினேன். இணைப்பு வாயும் இணைப்பு வாயும் தொட்டன, ஒட்டவில்லை. மீண்டும் தொட்டன, மீண்டும் விலகின. எட்டு முறை இப்படி. எரிபொருள் அடியைத் தொட்டுவிட்டது, உள்ளே மூன்று உயிர். யாரைத் திட்டினேன்? விளையாட்டைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன், ஒரு பாவமும் அறியாத கணினியையும் திட்டினேன். மகள் கடைசியில், "கிட்டப் போய் அந்த வாயைப் பாருங்கப்பா" என்றாள்.

பார்த்தேன். நிலையத்தில் பெரிய வாய், வந்த துண்டில் சின்ன வாய். அதைப் பொருத்தியது யார்? நான். இதைப் பொருத்தியது யார்? நான். முப்பது ஆண்டு குழாய் பொருத்திய நான்! பழி போட ஆள் தேடினேன். அந்த வானத்தில் என்னைத் தவிர வேறு பிளம்பர் இல்லை.

என்ன? "ரெடியூசர் போட வேண்டியதுதானே" என்கிறீர்களா? அதுதான் தொழிலாளி மூளை. ஒரு முனை பெரியது, மறுமுனை சிறியது என்று ஓர் இணைப்பைச் செய்து மேலே அனுப்பினேன், மூவரும் பிழைத்தார்கள். கை தட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை.

அன்று எனக்கு இன்னொரு 'ஏன்' பிறந்தது. அந்தப் பத்து மாடியில் மேலிருந்து நான் குழாய் இறக்கினேன், கீழிருந்து மாப்பிள்ளை ஏற்றினார். ஐந்தாம் மாடியில் இரண்டும் ஏன் சேரவில்லை? என் பழைய வேலை நோட்டை எடுத்து வரச் சொன்னேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 'கடையில் ஒன்றரை இன்ச் இல்லை. ஒன்றே கால் போட்டாச்சு. மாப்பிள்ளையிடம் சொல்லணும்.' சொன்னேனா? சொல்லவில்லை. மறந்தேன், மறந்ததையும் மறந்தேன். வரைபடத்தில் உள்ளபடி ஒன்றரை போட்ட மனிதர் மேல் பழியைப் போட்டேன்.

மாப்பிள்ளை, தவறு என்னுடையது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேடையில் போட்ட பழியை வீட்டு மூலையில் எடுப்பது நியாயமா? மேடையிலேயே எடுக்கிறேன். தலைவர் அவர்களே, உங்கள் கையிலுள்ள தாளில் என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதுங்கள். அவர் சொல்கிற இடத்தில் நான் குறடு பிடிக்கிறேன். மேலிருந்து வருகிறவனும் கீழிருந்து வருகிறவனும் முதலில் உட்கார்ந்து அளவைப் பேசட்டும். விண்ணிலே வீடு கட்டினாலும் அதுதான் சட்டம், வீதியிலே குழாய் பதித்தாலும் அதுதான் சட்டம்!

ராக்கெட் கதையைப் பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் தோழர்களுக்கும் என் நன்றி. பொறுங்கள், கதவோரம் எழுந்து நிற்கிறார். என்ன மாப்பிள்ளை? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

"ஆஸ்பத்திரி வேலைக்கு எத்தனை இன்ச், மச்சான்?"

சொல்கிறேன். இறங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். வணக்கம்.