பாலத்துக்குக் கீழே மழை

எழுபதுகளில் ஒரு காலை. மாரண்டஹள்ளி பஸ்ஸைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி, எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னார் கண்டக்டர். காலி பஸ்ஸைப் பாலம் தாங்குமாம். எனக்கு முன்னால் கத்தரிக்காய்க் கூடையோடு நடந்தவர், பக்கத்தில் வந்த வெளியூர்க்காரரிடம் சொன்னார்:

“மழ நின்னு மூணு நாளாச்சுங்க. பாலத்துக்குக் கீழ மட்டும் இன்னும் பெய்யுது.”

“கட்டறப்ப, தண்ணி எறங்காம மேல தார் பூசலீங்களா?”

“சிமெண்டே கல்லாட்டம் இருக்கும், பூச்சு தண்டச் செலவுன்னுட்டாங்க. இப்ப உள்ள கம்பி துருப்புடிச்சு, காரை பேந்து உழுவுது.”

“யாரும் வந்து பாக்கலீங்களா?”

“நேத்து இன்ஜினியர் வந்தாருங்க. கீழயே அரமணி நேரம் நின்னு பாத்துட்டு, சொட்டுக்கூட ஒழுகலைன்னு எழுதிக்கிட்டுப் போனாரு.”

“அதெப்படிங்க?”

“கொட புடிச்சுக்கிட்டு நின்னாருங்க.”