படத்தில் இருந்த கேக்

எனக்கு இனிப்பு ஆகாது, சார். பல் கூசும். அதனால்தான் இந்தத் தொழிலில் இருபது வருஷம் தாக்குப்பிடித்தேன். விளம்பரப் படங்களுக்காகச் சாப்பாட்டை அலங்கரிப்பது என் வேலை. பால் என்று நீங்கள் பார்ப்பது பசை. தேன் என்று பார்ப்பது என்ஜின் ஆயில். கேக்கின் பளபளப்பு மரக்கதவுக்குப் பூசும் வார்னிஷ். விளக்குச் சூட்டில் அசல் க்ரீம் பத்து நிமிஷத்தில் உருகிவிடும். நான் செய்வது உருகாது.

பேக்கரி வாசலில் என் கேக்கின் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. போன வருஷம் பிறந்தநாளுக்கு அதுதான் வேண்டும் என்று அக்கா மகள் அடம்பிடித்தாள். வாங்கிவந்து பெட்டியைத் திறந்தால், சப்பென்று அமுங்கிய ஒன்று, ஓரத்தில் வாடிய பழம். எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "மாமா செய்யறதெல்லாம் பொய்."

சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும்தான். "சின்னப் புள்ள சொன்னதைப் போய் மனசுல வச்சுக்கிட்டு இருக்கியாடா?" என்று பிறகு கேட்டாள். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் யோசித்தேன், அவ்வளவுதான்.

இந்தப் பிறந்தநாளுக்கு நானே கேக் கொண்டுபோனேன். படத்தில் இருந்த அதே கேக், அணுவளவும் மாறாமல். அக்கா கூடத்தில் பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் இன்னும் வரவில்லை. "படத்துல இருக்கிற மாதிரியே இருக்கு மாமா" என்று குழந்தை கைதட்டினாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுப்படியில் வைத்து முதல் துண்டை நானே வெட்டிக் கொடுத்தேன். மேலே என்ன பூசியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

முதல் வாய்க்கே அவள் முகம் சுளித்தாள். துப்பிவிடுவாள் என்று காத்திருந்தேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மென்று விழுங்கினாள். "நல்லா இருக்கு மாமா" என்று தட்டை மறுபடி நீட்டினாள். இன்னொரு துண்டு வைத்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அக்கா என் முகத்தில் விழிப்பதில்லை. கண்ணை மூடினால் அந்தத் தட்டு என்னை நோக்கி நீள்கிறது. வைக்கிறேன். திரும்பவும் நீள்கிறது.

உங்கள் ஸ்டேஷன் மேசைமேல் இருக்கிறதே, மிச்சக் கேக், அதைப் பாருங்கள். பதினோரு நாள் ஆகிறது. வாடவில்லை, ஓர் எறும்புகூட அண்டவில்லை. படத்தில் காட்டியதைத்தான் நான் கொடுத்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் பொய் சொன்னது அவள் ஒருத்திதான், சார்.