உயிர்ச்சேதம் இல்லையென்றால் ஏழாம் பக்கம்

மழைக்காலத்தில் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு ஜலதோஷம் தீராது, இன்ஸ்பெக்டர் ஸார். நடுவில் தும்மினால் மன்னிக்க வேண்டும்.

என் பெயர் ஹாலாஸ்யம். சென்னைத் தினசரி ஒன்றுக்கு மதுரை நிருபர். பள்ளிக்கூடக் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தேன். மூன்று வருஷமாக நான் அனுப்பியவற்றில் பெரும்பாலானவை அச்சேறவில்லை. ஏறியவையும் ஏழாம் பக்கத்தில், தைல விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரி. என் மனைவி ஸ்யாமளா காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு, "ஏன்னா, இன்னிக்கு உங்க நியூஸ் தைலத்துக்கு மேலேயா, கீழேயா?" என்பாள்.

போன மாதம் ஆசிரியர் கடிதம் எழுதினார். சென்னை ஆபீசில் ஓர் உதவி ஆசிரியர் ஸ்தானம் காலியாகிறதாம். முதல் பக்கத்துக்கு ஒரு சேதியாவது தந்தவரைத்தான் எடுப்பார்களாம். மதுரையில் முதல் பக்கத்துக்கு என்ன நடக்கிறது? இந்த ஊரில் தேர்கூட ஒழுங்காக நிலைக்கு வந்துவிடுகிறது.

ஐப்பசி பதினாறாம் தேதி, வில்லாபுரத்துக்குத் தெற்கே கண்மாய் தளும்புகிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். கரைக் காவல்காரர் விருமாண்டி தனியாளாக மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, கரை கசியுது. ரெண்டு மணி நேரம் தாங்கினா அதிகம். நான் இத விட்டு நகர முடியாது. நீங்க போற வழிதான, பனையடிப்பட்டிச் சனத்த மேட்டுக்கு ஏறச் சொல்லிருங்க. வெரசாப் போங்க."

"சொல்லிடறேன்" என்றேன். அப்போது சொல்வதாகத்தான் இருந்தேன்.

அங்கிருந்து பனையடிப்பட்டிக்கு ஒரு மைல். சைக்கிளில் போகும்போது எனக்கு யோசனை நன்றாக ஓடும். சொன்னால் சனங்கள் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். பிறகு கண்மாய் உடையும். 'மதுரை அருகே கண்மாய் உடைப்பு. உயிர்ச்சேதம் இல்லை.' இரண்டு வரி. தைலத்துக்குக் கீழே.

ஊர் வந்தது. இருபத்திரண்டு குடிசைகள். அன்னக்கொடி என்கிற பெண் வாசலில் தன் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்கு ஒரு கிணறு வேண்டுமென்று எழுதச் சொல்லி, போன கோடையிலிருந்து என்னை நச்சரிப்பவள்.

"என்ன சாமி, எங்க ஊரப் பத்திப் பேப்பர்ல எப்பத்தான் போடுவீக? எம்புட்டு நாளா ஏமாத்துறீக?"

"நாளைக்கு வரும்" என்றேன். அவள் சிரித்தாள். நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

நாலு மணிக்குத் தந்தி ஆபீசில் இருந்தேன். கண்மாய் உடைந்தது, பனையடிப்பட்டி மூழ்கியது, பதினைந்து பேர் பலி என்று கொடுத்தேன். ஆண்கள் காட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். கிழடுகளையும் குழந்தைகளையும் வைத்துப் போட்ட கணக்கு. கரை உடைந்தது ஐந்தேகாலுக்கு. இறந்தவர்கள் பதினேழு பேர். அன்னக்கொடியும் குழந்தையும்தான் விடுபட்ட அந்த இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாளே திருத்தம் அனுப்பிவிட்டேன். எண்ணிக்கை விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

முதல் பக்கத்தில் வந்தது. ஸ்யாமளா அன்றைக்குக் கேலி செய்யவில்லை. படித்துவிட்டு அழுதாள். என் நடையில் உருக்கம் கூடியிருந்தது காரணமாக இருக்கலாம்.

அடுத்த நாள், யார் பொறுப்பு என்று ஆசிரியர் கேட்டு எழுதினார். நியாயமான கேள்வி. காவல்காரர் விருமாண்டி ஊராரை எச்சரிக்கவில்லை என்று எழுதினேன். பெயரைப் பிழையில்லாமல் அச்சிட்டிருந்தார்கள். நீங்களும் அவரைப் பிடித்து லாக்கப்பில் வைத்தீர்கள். "நிருபர் சாமிகிட்டச் சொல்லிவிட்டேனே" என்று அவர் கதறியதை ஒருவரும் நம்பவில்லை. தந்தியில் குத்தியிருந்த நேரத்தைப் பார்க்க வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றிய பிறகுதான் விஷயம் மாறியது. கெட்டிக்காரர் நீங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். கரை உடையும் என்று எனக்குத் தெரியும். நேரம் இருந்தது. சொல்லவில்லை. விருமாண்டியை விட்டுவிடுங்கள். பதினேழு பேரையும் நான் கொன்றேன் என்று போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாக்கியம் சுருக்கமாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடும் முன் இதற்கு ஒரு நகல் எடுத்துக்கொள்கிறேன். ஐந்து மணிக்குள் தந்தி கொடுத்துவிட்டால் காலைப் பதிப்பில் சேர்ந்துவிடும். மற்றப் பத்திரிகைக்காரர்களிடம் விட்டால் உண்மையைத் திரித்துவிடுவார்கள், ஸார்.