நெசந்தான் டீச்சர்

நெல்லித்தோப்பில் என் கடையில்தான் பிரிண்ட் தெளிவாக விழும். அதற்காகவே கருவடிக்குப்பத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் சார், எனக்கு ஹேமலதா டீச்சர்மேல் பகை எதுவும் கிடையாது.

ரிட்டையர் ஆன இங்கிலீஷ் டீச்சர். நான் டைப் அடித்துக் கொடுக்கும் மனுக்களில் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக் காட்டுவார். கடையில் நாலு பேர் நிற்கும்போது, "இத்தன வருஷமா கட வெச்சிருக்க சிகாமணி, ஒரு ஸ்பெல்லிங் வரல உனக்கு" என்பார். நானும் சிரிப்பேன். ஒன்பது வருஷம் சிரித்தேன்.

போலி மெயில் எனக்குப் பார்த்தவுடனே தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆன்லைன் கடை பெயரில் வந்தாலும் அனுப்பியவன் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள், அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள், மெயிலில் இருக்கும் லிங்க்கைத் தொடாமல் அந்தக் கடையின் ஆப்பை நீங்களே திறந்து ஆர்டர் இருக்கிறதா பாருங்கள் என்று. இதனால் தப்பித்தவர்கள் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் ஒரு காலையில் டீச்சர் போனை நீட்டினார். "ஃப்ரிட்ஜ் ஆர்டர் பண்ணியிருக்கேனாம். ஒரு மணி நேரத்துல கேன்சல் பண்ணலன்னா பேங்க்லேர்ந்து எடுத்துடுவாங்களாம். அது இவரு ஆபரேஷன் பணம்டா. நெசமா பாரு."

'இவரு' என்றால் கணவர் கலியமூர்த்தி. அடுத்த வாரம் இதய ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

அனுப்பியவன் முகவரியில், ஆன்லைன் கடையின் பெயரில், ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. என் பிழைகளை மட்டுமே பார்த்துப் பழகிய டீச்சர் கண்ணுக்கு அது படவில்லை.

"நெசந்தான் டீச்சர். சீக்கிரம் கேன்சல் பண்ணிடுங்க" என்றேன்.

என் கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்தார். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஓ.டி.பி. வந்தது. போனை எடுத்து நான்தான் வாசித்துச் சொன்னேன்.

பத்து நிமிஷத்தில் பணம் போய்விட்டதாக மெசேஜ் வந்தது. உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்குப் போன் போட்டால் சில சமயம் தடுத்துவிடலாம் என்பது எனக்குத் தெரியும். "எடுத்துட்டுத் திருப்பிப் போடுவாங்க டீச்சர். மூணு நாள் பொறுங்க" என்றேன். மூன்று நாளும் வந்து கேட்டார். குரல் தணிந்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்கவில்லை.

ஆபரேஷன் நின்றுபோனது. அடுத்த மாதம் கலியமூர்த்தி இறந்தார். பெரிய மார்க்கெட்டில் நல்ல சம்பங்கி மாலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன். "உன்னையே ஏமாத்திட்டானுங்களே சிகாமணி" என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த மெயிலை அனுப்பியது நான் இல்லை. ஒரு பைசா என் கைக்கு வரவில்லை. டீச்சர் இப்போதும் எந்த மெயில் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருகிறார். போன வாரம் வந்தது பரிசுக் கூப்பன். அதையும் அழுத்தச் சொன்னேன். பென்ஷன் பணமும் போனதால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போவதில் ஆட்சேபணை இல்லை சார். தனியாக இருக்கிற மனுஷி, அவரை இனிமேல் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.